வாசகர் கேள்வி – பதில்: கேட்காத கேள்விக்குத் தலையசைக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு வயது 62. பல ஆண்டுகளாகக் காது கேட்கும் கருவி அணிந்துவருகிறேன். ஒரு சொத்து வழக்கில் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்ட ஒரு கேள்வி என் காதில் சரியாக விழவில்லை. எல்லோரும் காத்திருக்கிறார்களே என்ற கூச்சத்தில் தலையசைத்தேன். அது ‘ஆம்’ என்று பதிவாகிவிட்டது. அடுத்த மாதம் மீண்டும் விசாரணை வருகிறது. எனக்கென்று வசதி கேட்டால் என் சாட்சியத்தின் மதிப்பு குறைந்துவிடுமா?

பதில்: குறையாது. நீங்கள் வசதி கோராமல் இருந்ததுதான் உங்கள் சாட்சியத்தைக் கெடுத்திருக்கிறது. நடந்ததை உங்கள் வழக்கறிஞரிடம் இன்றே ஒளிவுமறைவின்றிச் சொல்லி, மறு விசாரணையின்போதோ (குறுக்கு விசாரணைக்குப் பிறகு உங்கள் தரப்பு வழக்கறிஞரே மீண்டும் உங்களிடம் கேள்வி கேட்கும் கட்டம்), உங்களை மீண்டும் சாட்சியாக அழைக்கக் கோரும் மனுவின் மூலமோ அந்தப் பதிலைத் தெளிவுபடுத்த முடியுமா என்று கேளுங்கள். நாள் கடந்தால், சாதகமில்லாத பதிலை இப்போது மாற்றப் பார்க்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதிட இடம் கொடுத்ததாகிவிடும்.

வசதி கேட்பதை யாரோ காட்டும் இரக்கமாக நினைக்காதீர்கள். ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, அவர்கள் சாட்சியாக வரும்போதும் அவர்களுக்கேற்ப விசாரணை நடைமுறையை மாற்றித் தர வேண்டும் என்கிறது. வேலையிடத்தில் ஊழியர் கோரும் வசதியை, அளவுக்கு மீறிய சுமை என்று காரணம் காட்டி முதலாளி மறுக்க இடமுண்டு. நீதி பெறுவதற்கான நடைமுறை மாற்றங்களுக்கு அந்த வரம்பு கிடையாது என்று உடன்படிக்கையைக் கண்காணிக்கும் குழு 2018-இல் விளக்கியிருக்கிறது. இந்தியாவின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அவர்கள் விரும்பும் மொழியிலும் முறையிலும் அளிக்கும் சாட்சியத்தைப் பதிவு செய்ய வசதிகள் வேண்டும் என்று 12-ஆவது பிரிவில் கூறுகிறது.

விசாரணை நாளன்று நீதிபதியிடம் வாய்மொழியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாமல், இப்போதே எழுத்தில் கொடுங்கள். வழக்கு எண், விசாரணைத் தேதி, நீங்கள் சாட்சி என்பது ஆகியவற்றைக் குறிப்பிட்டு, வழக்கறிஞர் மூலமாகவோ நேரடியாகவோ நீதிமன்ற அலுவலகத்தில் தந்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையிட்ட நகலை வாங்கிவையுங்கள். ‘எனக்குக் காது சரியாகக் கேட்காது’ என்று மட்டும் எழுதினால், படிப்பவர் குரலை உயர்த்திப் பேசினால் போதும் என்று நினைப்பார். அது போதாது என்பது கருவி அணிபவர்களுக்குத் தெரியும். மின்விசிறி இரைச்சலையும் பேச்சையும் கருவி சேர்த்தே பெரிதாக்குகிறது. ஆகவே இப்படி எழுதலாம்: ‘கேள்வி கேட்பவர் என் முகத்துக்கு நேராக, ஆறடிக்குள் நின்று பேச வேண்டும்; ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பேச வேண்டும்; எனக்குப் புரியாத கேள்வியை எழுத்தில் காட்ட வேண்டும்; பதிவான வாக்குமூலத்தை நான் படித்துப் பார்த்த பிறகே கையொப்பம் பெற வேண்டும்.’ பேச்சை உடனுக்குடன் எழுத்தாகத் திரையில் காட்டும் வசதி இருந்தால் அதையும் கேளுங்கள். சைகை மொழி அறியாத உங்களுக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் பயனில்லை. அதையும் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். உங்கள் மகளோ மருமகனோ பக்கத்தில் நின்று கேள்வியைத் திருப்பிச் சொல்வதாக முன்வந்தால் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். சொத்தில் அக்கறை உள்ளவர் சொல்லிக்கொடுத்தார் என்ற பேச்சு எழுந்தால், உங்கள் உண்மைக்கே ஊறு வரும்.

கேள்வி: என் தந்தை சக்கர நாற்காலியில் இயங்குபவர். விசாரணை இரண்டாம் மாடியில், மின்தூக்கி இல்லை. ஊழியர்கள் தூக்கிச் செல்வதாகச் சொல்கிறார்கள். அவருக்கு அதில் விருப்பமில்லை. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் தந்தையின் மறுப்பு முற்றிலும் நியாயமானது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் இதே நிலையில் இருந்த ஒருவர், முதல் விசாரணைக்கு இரண்டு மாடிப் படிகளைத் தவழ்ந்தே ஏறினார். அடுத்த முறை, தவழவும் மாட்டேன், தூக்கவும் விடமாட்டேன் என்று கீழேயே நின்றுவிட, ஆஜராகவில்லை என்று கைது செய்யப்பட்டார். இதற்காக மாநில அரசின்மீது அவர் தொடுத்த வழக்கைத் தொடர்ந்து நடத்தலாம் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004-இல் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

விசாரணையைத் தரைத்தளத்து அறைக்கு மாற்றும்படியும், அது இயலாவிட்டால் காணொலி வழியாக நடத்தும்படியும் இப்போதே மனு கொடுங்கள். நுழைவாயிலில் சாய்தளம் உண்டா, கழிப்பறைக் கதவில் நாற்காலி நுழையுமா என்பதை நீங்களே ஒருமுறை நேரில் போய் அளந்து பாருங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: மனு நிலுவையில் இருப்பதாலேயே வராமலிருக்க அனுமதி கிடைத்துவிட்டதாகாது. உத்தரவு வராவிட்டால், விசாரணை நாளில் தந்தையுடன் கீழ்த்தளத்தில் காத்திருந்து, அவர் வந்திருப்பதை வழக்கறிஞர் மூலம் நீதிபதியிடம் தெரிவித்துப் பதிவு செய்யுங்கள்.

கேள்வி: வலிப்பு நோய்க்கு மருந்து எடுத்துக்கொள்கிறேன், நெடுநேரம் அமர்ந்தால் கவனம் சிதறுகிறது. இடைவேளை கேட்க, நோயின் முழு வரலாற்றையும் வெளியிட வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எத்தனை நிமிட ஓய்வு தேவை என்று மருத்துவர் எழுதித் தரும் சுருக்கமான சான்றே போதுமானதாக இருக்க வேண்டும். நீதிமன்றம் கூடுதல் விவரம் கேட்டால், அதை எதிர்த்தரப்புக்கோ பொதுப் பதிவுக்கோ போகாதபடி மூடிய உறையில் தர அனுமதி கோருங்கள்.