880 ரூபாயில் ஒரு தொகுப்பு

கேள்வி: ரூபாய் நோட்டுகளின் பின்பக்கம் இருக்கும் கோயில், கோட்டைப் படங்களுக்காகவே என் மகள் நோட்டு சேர்க்கிறாள். லேமினேட் செய்து ஆல்பத்தில் ஒட்டிவிடலாமா? தஞ்சைப் பெரிய கோயில் படம் போட்ட ஆயிரம் ரூபாய் நோட்டு விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

பதில்: லேமினேஷன் வேண்டவே வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கை நோட்டுக்குச் சேதமில்லாமல் பிரிக்க முடியாது; சேகரிப்பாளர் யாரும் அதைத் தொடமாட்டார். பசை, செல்லோடேப்பும் கூடாது. மலிவான பிவிசி உறைகள் நாளடைவில் பிசுபிசுத்து நோட்டில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். கசங்கிய நோட்டைக் கழுவி இஸ்திரி போடும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். பருத்திக் காகிதத்தின் மொடமொடப்பு போய்விடும், அப்புறம் திரும்பாது.

இப்போது புழக்கத்தில் உள்ள நோட்டுகளிலேயே அருமையான தொகுப்பு இருக்கிறது. பத்தில் கோனார்க், இருபதில் எல்லோரா, ஐம்பதில் ஹம்பி கல்தேர், நூறில் ராணி கி வாவ், இருநூறில் சாஞ்சி, ஐந்நூறில் செங்கோட்டை. மொத்தம் 880 ரூபாய். வங்கியில் புதுக்கட்டிலிருந்து மடிப்பில்லாத நோட்டாகக் கேளுங்கள். பின்பக்கம் இடப்புறம் அச்சான ஆண்டு பொடி எழுத்தில் இருக்கும், ஆண்டுவாரியாகவும் சேர்க்கலாம். எனக்குப் பிடித்தது நூறுதான். குஜராத்தின் பாடனில், 11-ஆம் நூற்றாண்டில் ராணி உதயமதி தன் கணவர் முதலாம் பீமதேவன் நினைவாகக் கட்டிய படிக்கிணறு அது. சரஸ்வதி ஆற்று வண்டலில் பல நூற்றாண்டுகள் புதைந்து கிடந்து மீண்டது. பழைய வரிசை கையில் வந்தால் இருபதை விடாதீர்கள்: அந்தமானில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) அருகே மவுண்ட் ஹாரியட் (இப்போது மவுண்ட் மணிப்பூர்) மலையிலிருந்து தெரியும் கடற்கரை அதில் இருக்கிறது.

சரி, தஞ்சை நோட்டு. 1954-இல் வந்தது, 1978 ஜனவரியில் செல்லாமல் போனது. உங்கள் மகளின் முதல் தொகுப்புக்கு அது தேவையில்லை என்பேன். அசல் நோட்டு விலை அதிகம், நகல்களும் சுற்றுகின்றன. வாங்கியே தீர்வதென்றால், நேரில் வெளிச்சத்தில் பிடித்து நீர்க்குறி பார்க்காமல், கைப்பேசியில் வரும் படத்தை நம்பிப் பணம் அனுப்பாதீர்கள். வரிசை எண்ணில் 786 வரும் நோட்டு லட்சத்துக்குப் போகும் என்பவர்களிடமும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

இன்னொன்று, 2016-இல் செல்லாததான ஐந்நூறு, ஆயிரம் நோட்டுகளைக் கட்டாக வாங்கி வைக்காதீர்கள். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒருவர் அவற்றில் மொத்தம் 10 நோட்டு வரைதான் வைத்திருக்கலாம். ஆய்வுக்கோ நாணயவியலுக்கோ என்றால் 25. மீறினால் அபராதம் உண்டு.