சுரப்பைத் தடுத்தும் நொதி வருவது ஏன்?

கேள்வி: கந்தகமில்லா ஊடகத்தில் வளர்த்த கிளாமிடோமோனாஸ் பச்சைப்பாசியில், செல்லின் சுரப்பைத் தடுக்கும் பிரெஃபெல்டின்-ஏ மருந்தைக் கலந்தேன். அப்படியும், கந்தகம் குறையும்போது பாசி வெளியே சுரக்கும் அரைல்சல்ஃபட்டேஸ் நொதி ஊடகத்தில் இருக்கிறதே?
– ஆய்வு மாணவி, மல்லேஸ்வரம், பெங்களூரு

பதில்: பெரும்பாலும் அது மருந்து போடுமுன்பே வெளியேறிய நொதி. பிரெஃபெல்டின் இனிமேல் புறப்படும் சரக்கை மறிக்குமே தவிர, போனதைத் திருப்பி அழைக்காது. செல்களை மெதுவாகச் சுழற்றி வடித்து, கந்தகமில்லாப் புது ஊடகத்தில் கழுவியபின் மருந்தைச் சேருங்கள். பிறகு மணிக்கொருமுறை அளவெடுங்கள். செல்சுவரற்ற ரகமே நல்லது. சுவர் இருந்தால் நொதி அதிலேயே தங்கி, கணக்கைக் குழப்பும்.

மருந்தைத் தண்ணீரில் கரைக்கப் பார்க்காதீர்கள், சரியாகக் கரையாது. எத்தனாலில் மி.லி.க்கு 5 மி.கி. கரைத்து, மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். ஒரு மி.லி. வளர்ப்புக்கு 2 மைக்ரோலிட்டர் விட்டால் 10 மைக்ரோகிராம் ஆகும். மருந்தில்லாத ஒப்பீட்டுக் குழாயிலும் 0.2 சதவீத எத்தனால் கட்டாயம். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

மருந்து வேலை செய்கிறதா? நுண்ணோக்கியில், பாசி நீந்த உதவும் வால் போன்ற கசையிழைகளைப் பாருங்கள். சரக்குப் பைகள் உருவாக உதவும் ஏஆர்எஃப் புரதம் மருந்தால் முடுக்கப்படாமல், செல்லின் சரக்கைப் பிரித்தனுப்பும் கோல்கை அடுக்கு குலையும்போது, கசையிழைகளும் குட்டையாகும். செலவில்லாத சோதனை! கழுவினால் மீண்டும் நீளும். நீளாவிட்டால் செல்கள் செத்திருக்கலாம். செத்த செல்லிலிருந்து கசிவதும் சுரப்புபோலவே தெரியும்.