பழைய ஆங்கிலக் கதைகளில் வரும் ஆர்தர் மன்னரிடம் கடைசிவரை விசுவாசமாக இருந்த வீரர் என்று யாராவது உண்டா? பெடிவியரும் வாளுக்கு ஆசைப்பட்டவர்தானே?

பெடிவியர் வாளுக்கு ஆசைப்படவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருந்த விளக்கத்தையும் படித்தேன். லான்சலாட் ராணி விஷயத்தில் துரோகம் செய்தார், காவைன் பழி வாங்குகிறேன் என்று நாட்டைக் கெடுத்தார், பெடிவியர் கல் பதித்த வாளுக்காகச் சாகக் கிடக்கும் மன்னரிடமே இரண்டு முறை பொய் சொன்னார், ஆக சரிகிற ராஜ்யத்தில் விசுவாசத்துக்கு அர்த்தமே இல்லை என்று முடித்திருக்கிறீர்கள். பரீட்சைக்குப் படிப்பவர் இப்படி எழுத மாட்டார். நீங்களும் எங்கோ மூடப்போகிற ஒரு இடத்தில் வேலை பார்க்கிறீர்கள், இன்னும் எத்தனை நாள் நிற்பது என்று யோசிக்கிறீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் இல்லை. கும்பகோணத்தில் ஒரு அச்சகத்தில் 1981 முதல் 1999 வரை கம்பாசிட்டராக, அதாவது எழுத்துக் கோப்பவராக இருந்தேன், அப்புறம் புரூஃப், அதாவது அச்சுப்பிழை பார்த்துப் பிழைத்தேன். கல்லூரிப் பையன்களுக்கான ஆங்கிலக் கைடுகள் எங்களிடம் நிறைய அச்சாகும். அதில் ஒன்று ஆர்தரின் மரணத்தைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் டென்னிசன் எழுதிய கவிதைக்கான உரை. 10 பாயிண்ட் அளவில் ஒவ்வொரு எழுத்தாகக் கோத்தேன், அர்த்தம் பாதிதான் புரிந்தது. முழுக்கதையையும் மாலரி என்ற பழைய ஆங்கில எழுத்தாளரின் புத்தகத்தில் அகராதியை வைத்துக்கொண்டு படித்தது வேலை போன பிறகு. பேராசிரியர்கள் இந்தத் தளத்தில் இருக்கிறார்கள், பெயர் உச்சரிப்பில் தவறு இருந்தால் திருத்திக்கொள்கிறேன், ஆனால் கதையைத் தவறாகப் படித்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று முறை படித்திருக்கிறேன்.

அந்தக் கடைசி இரவில் என்ன நடந்தது என்று பாருங்கள். சால்ஸ்பரி பக்கம் ஆர்தரின் படையும், அவரை எதிர்த்துக் கிளம்பிய மகன் மோர்ட்ரெட்டின் படையும் சமாதானம் பேச நிற்கின்றன. புதரிலிருந்து ஒரு பாம்பு வந்து ஒரு வீரனின் காலைக் கடிக்கிறது, அவன் அதை வெட்ட வாளை உருவுகிறான், வாள் மின்னியதைப் பார்த்து இரண்டு பக்கமும் பாய்ந்துவிடுகின்றன. பொழுது சாயும்போது ஒரு லட்சம் பேர் செத்துக் கிடக்கிறார்கள் என்று மாலரி எழுதுகிறார். மன்னர் பக்கம் மிச்சம் இருப்பது லூகனும் பெடிவியரும் மட்டும். இருவரும் அண்ணன் தம்பி. நிலா வெளிச்சத்தில் திருடர்கள் வந்து பிணங்களின் மோதிரத்தையும் நகையையும் பிடுங்குகிறார்கள், சாகாமல் கிடப்பவர்களைக் கொன்றுவிட்டுப் பிடுங்குகிறார்கள். இதைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன லூகன், காயம்பட்ட மன்னரைத் தூக்கும் முயற்சியில் குடல் சரிந்து அங்கேயே சாகிறார். பெடிவியர் அழுகிறார். அழுது பயனில்லை, எனக்கு நேரமாகிறது, இந்த எக்ஸ்காலிபர் வாளைக் கொண்டுபோய்த் தண்ணீரில் எறிந்துவிட்டு அங்கே என்ன பார்த்தாய் என்று வந்து சொல் என்கிறார் மன்னர்.

கூடப் பிறந்தவன் செத்துக் கால் மணி நேரம் ஆகியிருக்குமா? வயல் முழுக்க நகை கிடக்கிறது, எடுக்க வேண்டும் என்றால் குனிந்தால் போதும். ஒன்றையும் தொடாத மனிதரைத்தான் நீங்கள் ஆசைக்காரர் என்கிறீர்கள். பிடியில் கற்கள் பதித்திருப்பதை அவர் பார்த்தார், உண்மைதான். பார்த்துவிட்டு, இதைத் தண்ணீரில் போட்டால் நன்மை எதுவும் வராது, நஷ்டம்தான் என்று நினைத்தார். நினைத்து ஒரு மரத்தடியில் ஒளித்துவிட்டுத் திரும்பினார். அலையும் காற்றும்தான் பார்த்தேன் என்றார். மன்னருக்குத் தெரிந்துவிட்டது. இரண்டாம் முறையும் அதே பொய். அப்போதுதான் மன்னர் சொல்கிறார், என் வாளின் மதிப்புக்காக என்னைச் சாக விடப் பார்க்கிறாயே என்று, செய்யாவிட்டால் என் கையாலேயே உன்னைக் கொல்வேன் என்று. மூன்றாம் முறை எறிகிறார், தண்ணீரிலிருந்து ஒரு கை வந்து வாளைப் பிடித்து மூன்று முறை ஆட்டிவிட்டு உள்ளே போகிறது.

'ஆசைப்பட்டாய்' என்பது சாகப்போகும் மன்னர் வலியில் சொன்ன வார்த்தை. உங்கள் தீர்ப்பும் அதேதான். அந்த வார்த்தையை நானும் ஒருவரிடம் வாங்கியிருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் அச்சகம் நன்றாக நடந்த காலத்தில் இருபத்திரண்டு பேர் இருந்தோம். கல்யாணப் பத்திரிகை, கோயில் மலர், கைடு, தேர்தல் நோட்டீஸ் என்று ட்ரெடில் அச்சு இயந்திரம் நிற்காது. ஆஃப்செட் அச்சும், கணினியில் பக்கம் அமைக்கும் டிடிபியும் வந்த பிறகு ஒவ்வொருவராகப் போனார்கள், அவர்களை நான் குறை சொல்லவில்லை, பிள்ளைகுட்டிக்காரர்கள். 1999இல் நாலு பேர் மிச்சம். முதலாளிக்குச் சிறுநீரகக் கோளாறு, படுக்கையாகிவிட்டார். ஒருநாள் கூப்பிட்டு, "யாருக்கும் பாக்கி வைத்துவிட்டுப் போகக்கூடாது தம்பி. எல்லா எழுத்தையும் ஈயக்காரனிடம் எடைக்குப் போட்டுவிட்டு வா. நாலு பேரும் பிரித்துக்கொள்ளுங்கள்" என்றார்.

எழுத்து என்றால் இப்போது உள்ளவர்களுக்குத் திரையில் தெரிவது. எங்களுக்கு அது ஈயமும் ஆன்டிமனியும் வெள்ளீயமும் கலந்து வார்த்த பொருள், கையில் கனக்கும். 24 பாயிண்ட் அளவு எழுத்தில் இரண்டு கேஸ், அதாவது எழுத்துத் தட்டுகள் இருந்தன, புத்தகத் தலைப்புக்கு மட்டும் எடுப்போம், ஒரு முனை மழுங்காமல் வைத்திருந்தோம். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என் கையில் முதலில் எழுத்தை அடுக்கும் ஸ்டிக்கைக் கொடுத்துக் கோக்கச் சொன்னது அந்தக் கேஸிலிருந்துதான். மற்றதையெல்லாம் வண்டியில் ஏற்றினேன். இந்த இரண்டை மட்டும் ஒரு சாக்கைப் போட்டு மூடிக் காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். விற்றால் என்ன கிடைத்துவிடும், உருக்கிவிட்டால் திரும்ப வருமா, அச்சகத்தின் ஞாபகமாக இதாவது இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எனக்கு என்று நினைக்கவே இல்லை. இதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

"எல்லாம் போட்டாச்சா?" என்றார். போட்டாச்சு முதலாளி என்றேன். எடைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. மறுநாள் எழுத்து வாங்கிய பழைய ஃபவுண்டரி பில்களை எடுத்து வரச்சொல்லிப் படுத்தபடியே கூட்டினார். முப்பத்தெட்டு கிலோ குறைந்தது. பதினெட்டு வருஷம் ஓடிய எழுத்து, தேய்மானம் இருக்கும் முதலாளி என்றேன். "ஈயம் தேயும். முப்பத்தெட்டு கிலோ தேயாது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஈயத்துக்கா ஆசைப்பட்டாய்?" என்று கேட்டார்.

அன்று மாலையே இரண்டு கேஸையும் சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போனேன். கடைப் பையன் கேஸைச் சாய்த்துத் தராசுத் தட்டில் கொட்டினான். ஓட்டின் மேல் ஆலங்கட்டி விழுவதுபோல் சத்தம். முழுவதும் கொட்டும்வரை நின்று பார்த்தேன். வாளைப் பிடிக்க வந்ததுபோல எந்தக் கையும் வரவில்லை. சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது வாங்கிப் பார்த்து "சரி" என்றார், அவ்வளவுதான். அந்தப் பணம் எங்களில் ஒருவர் மகளின் பாலிடெக்னிக் ஃபீஸ் கட்டக் கொஞ்சம் உதவியது என்று பிறகு தெரிந்தது. நான் ஒளித்து வைத்தது அந்தப் பெண்ணின் பங்கையும் சேர்த்துத்தான். அது அப்போது என் புத்தியில் ஏறவில்லை.

ஈயக்கடைச் சமாசாரத்தையும் எக்ஸ்காலிபரையும் ஒப்பிடலாமா என்று யாராவது கேட்பீர்கள். கதைதானே, ஆர்தர் வாழ்ந்ததற்கே ஆதாரம் இல்லையே என்றும் கேட்பீர்கள். ஆதாரம் இல்லைதான். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், எல்லாரும் கொண்டாடுகிற லான்சலாட் 12ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் வழியாகக் கதைக்குள் வந்தவர். பெடிவியர் அப்படியில்லை. வேல்ஸ் நாட்டின் பழைய பாட்டுகளிலும் கதைகளிலுமே ஆர்தரின் பக்கத்தில் நிற்பவர் அவர், பெட்வீர் என்ற பெயரில், ஒரு கை மட்டுமே உள்ள வீரராக. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கதையில் வாளை எறிவது ஜிர்ஃப்லே என்ற வேறு வீரர். ஆங்கிலத்தில் சொன்னவர்கள் அந்தக் கடைசி வேலையைப் பழைய தோழனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். அது சரியான முடிவு என்பேன்.

லான்சலாட்டை மட்டும் தனியாகத் தூக்கி எறிவதையும் நான் ஏற்கவில்லை. தமிழில் அரசனிடம் இருப்பதற்கும் கடவுளிடம் இருப்பதற்கும் விசுவாசம் என்று ஒரே சொல்லைத்தான் சொல்கிறோம். அந்த ராஜ்யத்தில் இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. ஏசு கடைசி விருந்தில் பயன்படுத்தியதாகச் சொல்லும் புனிதக் கிண்ணத்தைத் தேடிப் போகிறோம் என்று மன்னரின் வட்டமேசையில் கூடி உட்காரும் வீரர்கள் நூற்றைம்பது பேரும் சபதம் எடுத்த அன்றே, இவர்கள் இனி ஒன்றாக உட்கார மாட்டார்கள் என்று மன்னர் அழுதார். முதலில் சபதம் எடுத்தது அக்கா மகன் காவைன். பாதிக்கு மேல் திரும்பவில்லை. கிண்ணத்தைக் கண்ட மூவரில் போர்ஸ் ஒருவர்தான் உயிரோடு வந்தார். கடவுளைத் தேடிப் போனவர்களைத் துரோகி என்று யாரும் சொல்வதில்லை, ஆனால் வட்டமேசை காலியானது அப்போதுதான். அப்புறம் ஆறாத காயத்தோடு சர் அரி என்று ஒருவன் வருகிறான். நூற்றுப் பத்து பேர் தொட்டும் ஆறவில்லை. கடைசியில் லான்சலாட் தொடுகிறார். தன் பாவம் தனக்குத் தெரியும், நடுங்கிக்கொண்டே பிரார்த்தனை செய்து தொடுகிறார், காயம் ஆறிவிடுகிறது. எல்லாரும் கொண்டாட, அவர் மட்டும் அடிவாங்கிய குழந்தைபோல அழுகிறார். இதைப் படித்த பிறகும் ஒரே வரியில் துரோகி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மாலரி இதைச் சிறையில் இருந்துதான் எழுதினார், 1470 வாக்கில், இங்கிலாந்தில் இரண்டு அரச குடும்பங்கள் அடித்துக்கொண்டிருந்த காலம். 1485 ஜூலை 31இல் காக்ஸ்டன் என்ற அச்சகக்காரர் அச்சிட்டு முடித்தார், மூன்றே வாரத்தில் அந்நாட்டு மன்னர் போர்க்களத்தில் செத்தார். 1934இல் வின்செஸ்டர் கல்லூரியில் இந்தப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதி ஒன்று கிடைத்தது. அதன் தாள்களில் காக்ஸ்டனின் ஈய எழுத்துகளின் மை லேசாக ஒட்டியிருப்பதைப் பிறகு கண்டுபிடித்தார்கள், அதாவது அந்தப் பிரதி அவர் அச்சகத்தில் ஈரத் தாள்களுக்கு நடுவே கிடந்திருக்கிறது. எங்கள் மேசையிலும் அப்படித்தான் ஒட்டும். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

சொல்ல வந்ததால் இதையும் சொல்கிறேன். ஈய எழுத்து போனால் போகட்டும், புரூஃப் பார்ப்பதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டார்கள். கணினி வந்தால் பிழையே வராது என்றார்கள். இன்று ஐந்நூறு ரூபாய்ப் புத்தகத்தின் அட்டையிலேயே ஒற்றுப்பிழை. பக்கத்துக்குச் சில ரூபாய் கேட்டால் 'நாங்களே பார்த்துக்கொள்கிறோம் சார்' என்கிறார்கள். யார் பார்த்தார்கள் என்று முதல் பக்கத்தைப் புரட்டினாலே தெரிகிறது.

சரி, பெடிவியருக்கு வருகிறேன். மன்னரைப் படகில் ஏற்றி அனுப்பிவிட்டு அவர் வேறு அரசனிடம் போகவில்லை. கிளாஸ்டன்பரி பக்கம் ஒரு துறவியோடு தங்கிவிட்டார். லான்சலாட் அங்கே தேடி வந்தபோது முழுக்கதையையும் சொன்னார், கேட்டவருக்கு நெஞ்சு வெடிப்பதுபோல் ஆனது. நீங்கள் யோசித்துப் பார்க்காத ஒன்று இருக்கிறது. அந்த ஏரிக்கரையில் வேறு யாரும் இல்லை. மன்னரும் போய்விட்டார். மரத்தடியில் ஒளித்ததையும் இரண்டு பொய்களையும் மறைத்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. இந்தக் கதையை எழுதிவைக்கச் செய்தவர் பெடிவியர்தான் என்று மாலரியே சொல்கிறார். அவரை ஆசைக்காரர் என்று சொல்ல உங்களுக்குக் கிடைத்த ஒரே சாட்சி அவர் வாய்ச்சொல்.

முதலாளி 2001இல் இறந்தார். முப்பத்தெட்டு கிலோ விஷயத்தை அவர் வீட்டிலும் சொல்லவில்லை போலிருக்கிறது, அவர் பிள்ளைகள் இன்றும் என்னை மரியாதையாகத்தான் கூப்பிடுகிறார்கள். கூட வேலை பார்த்த மூவரிடமும் நான் சொன்னதில்லை. இன்றுதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.