சம்பளம் கூடியது, மனம் ஏன் சுருங்கியது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வேலையைப் பற்றித்தான். நாலை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: புறக்கோட்டையில் ஒரு இரும்புச் சாமான் கடையில் ஆறு வருடம் கணக்கு எழுதினேன். போன வருடம் கோட்டையில் ஒரு பெரிய கம்பனிக்கு மாறினேன். சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, ஏசி, சனிக்கிழமை லீவு. ஆனால் காலையில் எழும்பிப் போக மனமே வருவதில்லை. நான் நன்றிகெட்டவளா?
- வெள்ளவத்தை வாசகி

பதில்: சேச்சே, அப்படி ஒன்றுமில்லை தங்கச்சி. இதை உங்கள் தொழில்காரர்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய ஆட்களும் பிட்ஸ்பர்க்கில் ஏறத்தாழ 200 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் பிடித்து, வேலையில் மிகவும் சந்தோஷப்பட்டது எப்போது, வெறுத்துப்போனது எப்போது என்று கதை கேட்டார்கள். முடிவு 1959இல் வந்தது. வெறுப்புக்குச் சொன்ன காரணங்கள் கம்பனி விதிகள், மேலதிகாரி, சம்பளம், வேலை செய்யும் இடம். சந்தோஷத்துக்குச் சொன்னவை வேறு வகை: ஒன்றைச் செய்து முடித்தது, அதை யாராவது கண்டுகொண்டது, பொறுப்புக் கிடைத்தது, வேலையே பிடித்துப்போனது. ஏசி வந்தால் வியர்வை நிற்கும், அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க முடியாது. (நல்லது நடந்தால் என் கெட்டித்தனம், கெட்டது நடந்தால் கம்பனியின் குற்றம் என்று சொல்வது மனித சுபாவம்தானே என்று அந்த ஆய்வைக் குடைந்தவர்களும் உண்டு. அதுவும் நியாயம்தான்.)

பிறகு ஹார்வர்டில் தெரேசா அமாபிலே 238 பேரைத் தினமும் நாட்குறிப்பு எழுத வைத்து, சேர்ந்த ஏறக்குறைய 12,000 குறிப்புகளைப் படித்தார். நல்ல நாள் என்று எழுதிய நாட்களில் அடிக்கடி கண்ணில் பட்டது, அர்த்தமுள்ள ஒரு வேலை கொஞ்சமாவது முன்னேறியிருந்தது. உங்கள் பழைய கடையை நினைத்துப் பாருங்கள். ஷட்டர் இறக்குமுன் கல்லாக் காசும் பில்லும் சரிவர வேண்டும், அறுபது ரூபா உதைத்தாலும் முதலாளி வீட்டுக்குப் போகமாட்டார், எல்லாரும் சேர்ந்து தேடி, கடைசியில் எங்கோ ஒரு ஏழு ஒன்றாகிப் போனதைக் கண்டுபிடித்து, அதற்குப் பிறகு குடிக்கும் பிளேன் டீ இருக்கிறதே! இப்போது நீங்கள் ஒரு கோப்பில் உங்கள் பங்கை நிரப்பி அனுப்புகிறீர்கள், அது மேலே மேலே போய் எங்கேயோ மறைந்துவிடுகிறது, சரியா பிழையா என்றுகூட ஒருவரும் சொல்வதில்லை. நான் சரியாகத்தான் ஊகிக்கிறேனா?

அப்படியானால், ஒரு கிளையின் வங்கிக் கணக்கிணக்கக் கூற்றையாவது (வங்கி காட்டும் கணக்கும் நம் புத்தகக் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது) தொடக்கத்திலிருந்து முடிவு வரை உங்கள் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். பழைய சம்பளத்துக்கு மட்டும் திரும்பிப் போகாதீர்கள். மனநிறைவைக் காட்டி வெள்ளவத்தையில் வீட்டு வாடகைக்குத் தவணை கேட்க முடியாது.

கேள்வி: அரசாங்க உத்தியோகம், பென்ஷன் உண்டு, வீட்டில் எல்லோருக்கும் பெருமை. முத்திரை குத்திக் குத்தியே எனக்கு வயது போகிறது.
- தெமட்டகொடை வாசகர்

பதில்: என் தாத்தா உங்களைப் பார்த்தால் ‘கந்தோர் உத்தியோகத்தர்’ என்று எழும்பி நின்றிருப்பார் தம்பி. அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையின் துப்புரவுப் பணியாளர்களிடம் பேசிய ஆய்வு ஒன்று 2001இல் வந்தது. ஒரே மாதிரி வேலை செய்தவர்களில் சிலர் தரையைத் துடைத்துவிட்டுப் போனார்கள், வேறு சிலர் நோயாளியோடு இரண்டு வார்த்தை பேசி, வந்தவர்களுக்கு வழி காட்டி, தாங்களும் ஆட்களைக் குணப்படுத்துகிறோம் என்றே நினைத்தார்கள்.

இதை நான் கவுண்டரின் மறுபக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அம்மாவின் மரணச் சான்றிதழில் பெயர் பிழைத்துவிட்டது, திருத்தப் போனால் கையில் தந்த படிவம் சிங்களத்தில் மட்டும். தமிழும் அரசகரும மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தத்தில் எழுதியாயிற்று, ஆனால் அந்தக் கவுண்டருக்கு அது வந்து சேரவில்லை. நான் விழிப்பதைப் பார்த்துவிட்டு மூலை மேசையிலிருந்த ஒருவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, வரி வரியாக வாசித்துச் சொல்லி நிரப்பித் தந்தார். பத்து நிமிடம்தான். அவர் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. உங்கள் கவுண்டருக்கும் தினமும் அப்படி ஒருவராவது வருவார். ஆனால் ஒன்று, இதைச் சாட்டாக வைத்துப் பக்கத்து மேசை வேலையையும் உங்கள் தலையில் கட்டப் பார்த்தால் விடாதீர்கள்.

கேள்வி: பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுகிறோம், வருடத்துக்கு ஒருமுறை நுவரெலியா ட்ரிப். ஆனாலும் கடையில் பொடியன்கள் நிலைக்கிறார்கள் இல்லை.
- கொழும்பு 11 வாசகர்

பதில்: கேக் நல்லதுதான் முதலாளி. ஈபிஎஃப்புக்கு (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 12 சதவீதம், ஈடிஎஃப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 சதவீதம், அது மாதாமாதம் போகிறதா? சரியான சம்பளத்துக்கா, அல்லது கொப்பியில் சிறிதாக எழுதி மிச்சத்தைக் கவரில் கொடுக்கிறீர்களா? கடை, காரியாலயச் சட்டப்படி நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் நிறுத்தினால் ஒன்றரை மடங்கு. பொடியன்களுக்கு இதெல்லாம் தெரியும், உங்களிடம் சொல்லமாட்டார்கள், அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். வாடிக்கையாளர் முன்னால் ஏசுவதையும் நிறுத்திப் பாருங்கள், அதற்குக் காசு செலவில்லை.

கேள்வி: நீர்கொழும்பிலிருந்து தினமும் கோட்டைக்கு ரயிலில் போகிறேன். வேலை பிடிக்கும். ஆனால் வீட்டுக்கு வந்தால் பிள்ளைகளோடுகூடப் பேசப் பிடிப்பதில்லை.
- நீர்கொழும்பு வாசகி

பதில்: அப்படியானால் சந்தேகப்பட வேண்டியது ரயிலைத்தான். டானியல் கானமன் என்ற உளவியலாளரின் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளைக் கட்டம் கட்டமாக நினைவுபடுத்தச் சொல்லி, 2004இல் வெளியிட்டது. காலைப் பயணம்தான் பட்டியலின் அடியில் கிடந்தது, வேலையைவிடவும் கீழே. அந்தப் பெண்கள் கோட்டை ரயிலில் கதவோரம் தொங்கியவர்கள் அல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேரத்தோடு வந்து நேரத்தோடு போகவோ, கிழமைக்கு இரண்டு நாள் வீட்டிலிருந்து செய்யவோ கேளுங்கள். 2022இல் நாடே பெற்றோல் வரிசையில் நின்றபோது எத்தனையோ கந்தோர் வேலை வீட்டிலிருந்து நடந்ததை உங்கள் மனேஜரும் பார்த்தவர்தானே. என்ன சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.