ஐஆர்சியில் டிஎல்எஸ் இருந்தால் தனிச்செய்தி பாதுகாப்பானதா?

ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறையில், டிஎல்எஸ் என்ற குறியாக்கம் உள்ள 6697 போர்ட்டில் (சர்வரின் இணைப்பு வாயில்) இணைந்தால் தனிச்செய்தியை வேறு யாரும் படிக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் சர்வருக்கும் இடையே ஒட்டுக்கேட்பவர் படிக்க முடியாது. சர்வரை நடத்துபவர் படிக்கலாம்.

1988இல் ஃபின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்காரினென் ஐஆர்சியை உருவாக்கியபோது அதில் குறியாக்கமே கிடையாது. பழைய 6667 போர்ட்டில் இன்றும் எல்லாம் வெறும் எழுத்தாகத்தான் போகிறது. கடவுச்சொல் இல்லாத பொது வைஃபையில் ஒருவர் வயர்ஷார்க் என்ற, வலையில் போகும் தரவைக் காட்டும் மென்பொருளை ஓடவிட்டால், ஐஆர்சி பெயர்களைப் பதிவுசெய்து காக்கும் நிக்சர்வ் சேவைக்கு நீங்கள் அனுப்பும் கடவுச்சொல்கூட வரிவரியாக அவர் திரையில் ஓடும்.

6697இன் டிஎல்எஸ் உங்கள் கணினி முதல் சர்வர் வரை மட்டுமே காவல். சர்வருக்குள் செய்தி மறுபடியும் வெறும் எழுத்து. எதிர்முனையில் இருப்பவர் 6667 வழியாக வந்திருந்தால் அந்தக் கடைசிக் கட்டமும் திறந்தே கிடக்கும். உங்கள் பக்கம் எத்தனை பூட்டுப் போட்டும் பயனில்லை.

ஏஓஎல் நிறுவனத்தின் அரட்டைச் சேவையில் இருந்த டாக் நெறிமுறை இன்னும் வேடிக்கை. ‘டிக்/டாக்’ என்ற மாறாத சொல்லோடு கடவுச்சொல்லை எக்ஸார் என்ற எளிய பிட் கணக்கால் கலந்து அனுப்பியது. ஊருக்கெல்லாம் ஒரே சாவி!

சர்வருக்கும் தெரியக்கூடாது என்றால் 2004இல் வந்த ஓடிஆர் போன்ற, பேசும் இருவர் மட்டுமே படிக்கக்கூடிய முனைக்கு முனை குறியாக்கம் வேண்டும். இருவர் மென்பொருளிலும் அது இருக்க வேண்டும். பலர் கூடிப் பேசும் சேனல் உரையாடலுக்கு ஓடிஆர் உதவாது.