வளர்ச்சி ஹார்மோன் டெஸ்டுக்குக் குழந்தைக்கு எதற்கு பி.பி. மாத்திரை கொடுக்கிறார்கள்?

டாக்டர் எழுதிய சீட்டில் குளோனிடின் என்று பார்த்து, இணையத்தில் தேடி, ரத்த அழுத்த மாத்திரை என்று வந்ததும் பதறியிருப்பீர்கள். எங்கள் மகனுக்கும் இதே டெஸ்ட் எடுத்தோம். நான் பிளஸ் டூவுக்கு விலங்கியல் எடுப்பவள், மருத்துவர் இல்லை. எவ்வளவு கொடுப்பது, தேவையா என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்வதுதான். "டீச்சருக்கு எதுக்கு வைத்தியம்" என்று வருபவர்களுக்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் சுரக்கும், அதுவும் பெரும்பாலும் ஆழ்ந்த தூக்கத்தில். பகலில் ஒரு தடவை ரத்தம் எடுத்தால் நன்றாக வளரும் பிள்ளைக்கும் குறைவாகக் காட்டலாம். அதனால் தூண்டிவிட்டுத்தான் அளக்கிறார்கள்.

மூளைத்தண்டில், நோரட்ரினலின் என்ற வேதிப்பொருளால் செய்தி அனுப்பும் நரம்பு செல்கள் கொத்துக் கொத்தாக இருக்கின்றன. 1964-ல் டால்ஸ்ட்ரோம், ஃபுக்ஸே என்ற ஆய்வாளர்கள் எலி மூளையில் இவற்றுக்கு ஏ1, ஏ2 என்று எண் போட்டுக் காட்டினார்கள். இவற்றின் இழைகள், ஹார்மோன்களைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸ் வரை போகின்றன. அங்கே நோரட்ரினலின் வந்து ஒட்டும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் தூண்டப்பட்டால், வளர்ச்சி ஹார்மோனை வரவைக்கும் ஜி.எச்.ஆர்.எச். கூடும், தடுக்கும் சொமட்டோஸ்டாட்டின் அடங்கும். அந்தச் செய்தி சின்ன ரத்தக் குழாய்கள் வழியாக, வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. குளோனிடின் தூண்டுவது அதே ஏற்பியைத்தான். அந்த ஏற்பி மூளைத்தண்டிலும் இருப்பதால் பி.பி. இறங்கும். விழிப்பைக் காக்கும் லோகஸ் செருலியஸ் அமுங்குவதால் தூக்கமும் வரும்.

இந்தத் தூக்கத்தைப் பற்றி எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. வெறும் வயிற்றோடு போய், கையில் ரத்தம் எடுக்க வென்ஃப்ளான் என்ற ஊசிக் குழாய் போட்டு, மாத்திரை கொடுத்து, அரை மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பையன் முகம் வெளுத்து, கண் செருகி, கூப்பிட்டால் "ம்" என்று மட்டும் சொன்னான். மாமியார் அழவே ஆரம்பித்துவிட்டார். "அத்தை, அந்த மாத்திரை தூங்கவும் வைக்கும், ஹார்மோனையும் வரவைக்கும், பயப்படாதீங்க" என்று சொல்லிச் சொல்லித்தான் உட்கார வைத்தேன். நர்ஸ் பி.பி. பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்றரை மணி நேர சாம்பிளில் வளர்ச்சி ஹார்மோன் மில்லிக்கு 10 நானோகிராமைத் தாண்டியது. குறைபாடு இல்லை என்றார்கள். ஒரு டெஸ்டில் குறைவாக வந்தாலும் பொதுவாக வேறொரு மருந்து வைத்து இன்னொன்று பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

அன்றைக்குப் பள்ளிக்கு லீவு சொல்லிவிடுங்கள். பைக்கில் உட்கார வைத்துக் கூட்டி வராதீர்கள், ஆட்டோ பிடியுங்கள்.

அப்புறம், கல்யாண வீட்டில் பிள்ளையை நிறுத்தி வைத்து, "இவன் இன்னுமா வளரல?" என்று கேட்கும் உறவினர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவன் காதில் அது விழுகிறது. நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனதே அவன் சாப்பாட்டை ஒதுக்கிவிட்டு, "நான் ஏம்மா இப்படி இருக்கேன்?" என்று கேட்ட பிறகுதான்.