வளைவில் மட்டும் வரும் 'டக் டக்' ஓசை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைக் குலை ஏற்றும் உங்கள் நான்கு சக்கர வண்டி வளைவில் மட்டும் 'டக் டக்' என்றால், அநேகமாக முன் ஆக்சிலின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டின்) வெளி மூட்டுதான், அதாவது சக்கரப் பக்கத்து மூட்டு. அதை மூடும் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கும். தோட்டத்துச் செம்மண் புகுந்தால் உள்ளிருக்கும் குண்டுகளை அரமாக அராவிவிடும். வேகமெடுக்கும்போது அதிர்ந்தால் கியர்பாக்ஸ் பக்கத்து உள் மூட்டைச் சந்தேகியுங்கள். ஓசை வருமுன் உறையை மாற்றினால் போதும். வந்தபின் கிரீஸ் அடைப்பது வீண் செலவு.

ஆக்சிலை மாற்றும்போது, சக்கரத்தின் நடு நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்துங்கள். பிறகுதான் ஜாக்கியால் தூக்கி, தாங்கியில் நிறுத்துங்கள். ஆக்சிலின் உள் முனையை கியர்பாக்ஸிலிருந்து நெம்பும்போது எண்ணெய் வழியும். தட்டு வையுங்கள், எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் சீலையும் மாற்றுங்கள். புதிய ஆக்சில் 'கிளிக்' என உட்கார்ந்ததா என்று மூட்டைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். தண்டை இழுத்தால் மூட்டு பிரிந்துவிடும்.